மேல்தண்ணீர் மஞ்சளாக இருக்க வேண்டும்

என் மனைவியின் ரத்தம் சிவப்பாக இருக்கிறது என்று சொல்லி ஏழு முறை திருப்பி அனுப்பினார்கள். ரத்தம் வேறு எந்த நிறத்தில் இருக்கும் என்று கேட்டதற்கு, "சார், அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றார் ஆய்வக ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்று கேட்டுக்கொண்டு வந்திருப்பேன். நிறம் எனக்குப் புரியாது என்றால் எப்படி? நான் இருபத்திரண்டு வருடமாகப் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவன்.

என் மனைவி மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். திங்கட்கிழமை காலை அலுவலக மாடிப்படியில் கால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பியின் முனையில் விலாவுக்குக் கீழே இடித்துக்கொண்டு விழுந்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ஈரல் கிழிந்துவிட்டது. பெரிய மருத்துவமனையில் அன்று மதியமே வயிற்றைத் திறந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை என்று நான்கு துணிப் பட்டைகளை ஈரலைச் சுற்றித் திணித்து அழுத்திவிட்டு, டாக்டரம்மா வெளியே வந்தார்.

"துணிய வெச்சுத்தான் நிறுத்தியிருக்கேன். மறுபடி திறந்து அத எடுத்தாகணும். புதன்கிழமை எடுத்தா நல்லது. வியாழன் காலையத் தாண்டிச்சுன்னா உள்ள சீழ் பிடிச்சுரும். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அவளுடைய ரத்த வகை லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் இருக்குமாம். ரத்த வங்கியில் தேடினார்கள், பக்கத்து ஊர்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதனால் செயற்கை ரத்தம் ஏற்றினார்கள். ரத்தத்தில் காற்றைச் சுமக்கிற சிவப்புப் பொருளை மட்டும் தனியாகப் பிரித்து, நீரில் கரைத்து, பையில் அடைத்தது அது. எந்த வகைக்காரருக்கும் ஏற்றலாம். இரண்டு பை இறங்கியதும் அவள் கண்ணைத் திறந்து, "என்னங்க, கேஸை அணைச்சீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பையைக் கண்டுபிடித்தவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பித்தது. மறுபடி வயிற்றைத் திறப்பதற்கு முன்னால், மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு ஒரே ஒரு எண் வேண்டும்: ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு எவ்வளவு என்று. அது கூடுதலாக இருந்தால் மயக்கத்திலேயே இதயம் நின்றுவிடுமாம். வார்டிலேயே இதை அளக்க ஒரு சின்ன மெஷின் இருந்தது. அதைத் தரச்சான்று கொடுப்பதற்காக ஆய்வகம் எடுத்துப் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அதன் தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய சிஸ்டர் ஒரு குழாயில் ரத்தம் எடுத்து என் கையில் கொடுத்தார். மூன்று மாடி இறங்கி, இரண்டு நடைபாதை தாண்டி, ஆய்வக ஜன்னலில் நீட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சீட்டு வந்தது. 'மாதிரி தள்ளுபடி. காரணம்: ஒன்று.' சீட்டின் பின்பக்கம் காரணங்கள் அச்சடித்திருந்தன. ஒன்று, ஊசி குத்தியதில் பிழை. இரண்டு, குழாயைக் குலுக்கியது. மூன்று, தாமதம். நான்கு, வெயில்.

ஜன்னல்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விளக்கினார். "ரத்தத்த மெஷின்ல போட்டுச் சுத்தவிட்டா சிவப்பு அடியில தங்கும். மேல தண்ணி மஞ்சளா நிக்கணும். உங்களுது மேல்தண்ணியும் சிவப்பு. அப்படின்னா ரத்த அணு உடைஞ்சு சாயம் வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம். ஊசி குத்தத் தெரியாம குத்தியிருக்காங்க. வேற எடுத்துட்டு வாங்க."

அவருக்கு வலப்பக்கம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை தொங்கியது. வெளிர் மஞ்சளிலிருந்து அடர் சிவப்பு வரை ஐந்து கட்டங்கள். குழாயை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது கட்டத்தைத் தாண்டினால் தள்ளுபடி. எங்கள் கடையிலும் இதே மாதிரி அட்டை உண்டு. ஆனால் வாடிக்கையாளர் கேட்ட நிறம் வரவில்லையென்றால், டப்பாவில் என்ன ஊற்றினோம் என்று முதலில் பார்ப்போம்.

சீட்டைப் பார்த்ததும் சிஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்தொன்பது வருடமாக ஊசி போடுகிறவர். பிறந்த குழந்தையின் நரம்பைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார் என்று வார்டே சொல்லும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது குழாய் எடுத்தார். அதற்கும் தள்ளுபடி. இந்த முறை காரணம் இரண்டு.

"நீங்க கொண்டு வரும்போது குலுக்கியிருக்கீங்க," என்றார் ஜன்னல்காரர். "நிறைகுடம் தூக்கிட்டு வர மாதிரி நடக்கணும்."

அப்படியே நடந்தேன். மூன்றாவது குழாயை இரண்டு கையாலும் பிடித்து, படிக்குப் படி நின்று, எதிரே வந்தவர்களை எல்லாம் ஒதுங்கச் சொல்லி இறங்கினேன். ஒரு பாட்டி எழுந்து நின்று வணங்கிவிட்டாள். ஜன்னலுக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. தள்ளுபடி. காரணம் மூன்று, தாமதம்.

சாயங்காலம் ஆய்வகத்தின் தர அதிகாரியே வார்டுக்கு வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, பையில் நான்கு பேனா, முகத்தில் எப்போதும் ஒரு புன்னகை. ஒரே படுக்கையிலிருந்து மூன்று தள்ளுபடி வந்தால் அந்த வார்டு சிஸ்டருக்குப் பயிற்சி என்பது விதியாம். புதன்கிழமை காலை நான்கு மணி நேரம், ஒரு ரப்பர் கையை வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருட சிஸ்டருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நான்கு மணி நேரமும் வார்டில் ரத்தம் எடுக்க ஆளில்லை. பயிற்சியில் ரப்பர் கையிலிருந்து எடுத்த தண்ணீரைக் குழாயில் பிடித்து, நடைமுறைப்படி ஜன்னலுக்கும் அனுப்பினார்கள். அதை ஆய்வகம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. முத்திரை குத்தி முடிவும் வந்தது. 'மாதிரியின் தரம்: மிக நன்று. பொட்டாசியம்: பூஜ்யம்.'

ஜன்னல்காரர் அதை என்னிடம் காட்டினார். "பாத்தீங்களா? மாதிரின்னா இப்படி இருக்கணும்."

"அது ரப்பர் கைங்க."

"கை யாருதா இருந்தா என்ன சார்? மேல்தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க."

நான்காவது குழாயும் திரும்பி வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. தர அதிகாரியின் அறைக்குப் போனேன். சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயா, நான் பெயிண்ட் கடைக்காரன். வெள்ளை டப்பாவுல ரெண்டு சொட்டுச் சிவப்பு விட்டா மொத்தமும் ரோஸ் ஆயிரும். அதுக்கு பிரஷ்ஷத் திட்டி என்ன பிரயோஜனம்? அவளுக்கு ரெண்டு பை சிவப்புச் சாயம் ஏத்தியிருக்கு. அது ரத்தத் தண்ணியில கரைஞ்சு நிக்குது. அணு எதுவும் உடையல. ஊசி மேலயும் தப்பில்ல, என் நடை மேலயும் தப்பில்ல. நீங்க ஊத்துன சாயத்த நீங்களே பாத்துட்டு ஐயோ சிவப்புங்கிறீங்க."

அவர் புன்னகை மாறாமல் முழுக்கக் கேட்டார். "ரொம்பச் சரியாச் சொன்னீங்க. எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா செயற்கை ரத்தம்னு ஒரு காரணம் பட்டியல்ல இல்லையே. நாலுதான் இருக்கு."

"அஞ்சாவதாச் சேத்துக்கலாமே?"

"சேக்கலாம். பட்டியல் திருத்தக் குழு வருஷத்துக்கு ஒரு தடவை கூடும். போன மாசம்தான் கூடிக் கலைஞ்சது." பேனாவால் மேசையைத் தட்டினார். "நீங்க ஒண்ணப் புரிஞ்சுக்கணும். தப்பான முடிவு கொடுக்கறதவிட முடிவே கொடுக்காம இருக்கிறது நோயாளிக்குப் பாதுகாப்பு. இந்த வருஷம் செயற்கை ரத்தம் ஏத்தின பதினோரு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தருக்குக்கூட நாங்க தப்பான ரிப்போர்ட் கொடுக்கல."

"சரியான ரிப்போர்ட் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

"யாருக்கும் ரிப்போர்ட்டே கொடுக்கலையே. அதத்தானே சொல்றேன்."

அந்தப் பதினோரு பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

வார்டுக்குத் திரும்பினால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருந்தது. ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒரு குழாய் ரத்தம். அதில்லாமல், சந்தேகம் தீரட்டும் என்று ஒரே நேரத்தில் இரண்டு கையிலும் எடுக்கச் சொல்லி ஆய்வகம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. ஏற்கெனவே ரத்தம் போன உடம்பு. எடுத்து எடுத்து இன்னும் வெளுத்துவிட்டாள். வெளுத்துவிட்டாள் என்று மூன்றாவது பை செயற்கை ரத்தம் ஏற்றினார்கள். அது ஏறியதும் மேல்தண்ணீர் மூன்றாவது கட்டம், நான்காவது கட்டம் எல்லாம் தாண்டி அட்டைக்கே வெளியே போய்விட்டது. ஐந்தாவது, ஆறாவது குழாய்களைப் பார்த்து ஜன்னல்காரர் உச்சுக்கொட்டினார். "நாளுக்கு நாள் மோசமாகுதே சார். சிஸ்டருக்கு இன்னொரு பயிற்சி தேவைப்படும்போல."

புதன்கிழமை அப்படியே போயிற்று. டாக்டரம்மா மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும், "நல்ல மாதிரி அனுப்புங்க டாக்டர்" என்ற பதில்தான். வியாழன் காலை ஏழாவது குழாயும் திரும்பி வந்த பிறகு, அவர் படுக்கை ஓரமாக நின்றுகொண்டு என்னை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு வேற ஒரு பரிசோதனையும் வேணாம். ஈரலப் பத்தின பரிசோதனையெல்லாம் மெஷின் நிறத்தப் பாத்துத்தான் அளக்கும். அது இந்தச் சிவப்புல நிஜமாவே நடக்காது, ஒத்துக்கறேன். ஆனா பொட்டாசியத்த மெஷின் நிறத்தப் பாத்து அளக்கறதே இல்ல. மின்சாரத்த வெச்சு அளக்குது. சாயம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஆனா குழாய் தள்ளுபடின்னா அதுல இருக்கற எல்லாமே தள்ளுபடின்னு விதி வெச்சிருக்காங்க. எண் இல்லாம மயக்க மருந்துக்காரர் கையெழுத்துப் போட மாட்டாரு. அவரையும் குறை சொல்ல முடியாது."

அவர் போன பிறகு நான் படுக்கைப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் மனைவிக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. இரண்டு கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. உதடு காய்ந்துபோய், குரல் மட்டும் அலுவலகக் குரலாகவே இருந்தது.

"என்னங்க, அந்த ஜன்னல்ல போய் என்னன்னு கேட்டீங்க?"

"ரிசல்ட்ட கொடுங்கன்னு கேட்டேன். கெஞ்சினேன். சண்டை போட்டேன்."

"அதான் தப்பு."

"எதுடி தப்பு?"

"கொடுங்கன்னு கேட்டா யாரும் கொடுக்க மாட்டாங்க. கொடுத்தா பொறுப்பு ஏத்துக்கணும். நானும் பதினெட்டு வருஷமா ஜன்னலுக்கு உள்ள உக்காந்திருக்கேங்க, எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏன் கொடுக்கலேன்னு எழுத்துல கேளுங்க. எதப் பாத்து தள்ளுபடி பண்ணீங்கன்னு ஆதாரத்தோட வேணும்னு கேளுங்க. அப்ப பயம் வந்துரும். கையில இருக்கற காகிதம் மொத்தத்தையும் சேத்துக் கட்டி அனுப்பிருவாங்க. நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பொருள்: ஏழு மாதிரிகள் தள்ளுபடி செய்யப்பட்டமைக்கான காரணமும், தொடர்புடைய இயந்திரப் பதிவுகளின் கையொப்பமிட்ட நகலும் கோருதல்.' எழுதி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "எத்தனை பேர நானும் இப்படித் திருப்பி அனுப்பியிருப்பேனோ," என்றாள். நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

தர அதிகாரி அந்த மனுவைப் படித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று நாளாக என் முகத்தைப் பார்த்து வராத மரியாதை, 'தொடர்புடைய' என்ற சொல்லைப் பார்த்ததும் வந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். "இப்படி முறையா கேட்டா எவ்வளவு சுலபம் பாருங்க! எங்ககிட்ட எல்லாத்துக்கும் ஆவணம் இருக்கு சார். ஒரு குழாயக்கூட நாங்க ஆதாரம் இல்லாம தள்ளல." ஏழு பதிவுகளையும் அச்சடிக்கச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தி, ஓரம் சேர்த்து நூல் கட்டிக் கொடுத்தார். பதினோரு மணி ஆகியிருந்தது.

நடைபாதையிலேயே பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபது. சிவப்பளவு: வரம்புக்கு மேல். முடிவு: வெளியிடத் தகாது. அதற்குக் கீழே, யாருக்கும் தேவையில்லாதது மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி. 'பொட்டாசியம் 4.1.' இரண்டாவது பக்கம், 4.2. மூன்றாவது பக்கம், 4.1. ஏழு பக்கத்திலும் இருந்தது.

ஜன்னலுக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "இந்த நம்பர் செவ்வாக்கெழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஸ்கிரீன்ல வருமே. நாங்க பாக்கலாம். சொல்லத்தான் கூடாது."

அந்த நேரத்தில் அவரை அடிக்காமல் வந்தது என் மனைவியின் வயிற்றில் துணி இருந்ததால்தான். மூன்று மாடியை எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. மயக்க மருந்துக்காரர் ஏழு பக்கத்தையும் வரிசையாகப் புரட்டினார். "அணு உடைஞ்சிருந்தா உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கொட்டி, ஒவ்வொரு குழாயிலயும் இது தாறுமாறா ஏறியிருக்கணும். ஏழுலயும் ஒரே மாதிரி இருக்கு. இது அசல் எண்தான். கூடுதலும் இல்ல, சரியான அளவு." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அரை நிமிடம் ஆகியிருக்காது.

இரண்டு மணிக்கு வயிற்றைத் திறந்தார்கள். மூன்று துணி நல்லபடியாக வந்தது. நான்காவது துணிக்குக் கீழே சீழ் பிடித்திருந்தது. "நேத்தே எடுத்திருந்தா இது இருந்திருக்காது," என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினாறு நாள் காய்ச்சல். வயிற்றில் இரண்டு குழாய். என் மனைவி கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி ஆகிவிட்டாள். இரவில் குளிர் எடுத்து நடுங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் அந்த 4.1-ஐ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோபம் என்றால் அது தலைக்கு ஏறும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது வயிற்றுக்குள் இறங்கிக் கிடந்தது.

பதினேழாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் பால் குடித்தாள். அன்றைக்குத்தான் மறுபடி அந்த ஜன்னல் பக்கம் போனேன். புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'தள்ளுபடி செய்யப்பட்ட மாதிரிகளின் இயந்திரப் பதிவு நகல் இனி எவருக்கும் வழங்கப்படாது. தரமே எங்கள் தாரக மந்திரம்.' அதற்குக் கீழே ஒரு கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். கால்சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாருக்குங்க?"

"தங்கச்சிக்குண்ணே. செவப்பு பையி ஏத்துனாங்க. இது மூணாவது தடவை. நான் குலுக்கறேனாம்."

"ஆபரேஷன் எப்ப?"

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள பண்ணலேன்னா கஷ்டம்ங்கறாங்கண்ணே."

கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சார், இவரு தங்கச்சியோட பொட்டாசியம் உங்க ஸ்கிரீன்ல இருக்கா?"

"நீங்க இவங்களுக்கு யாரு?"

"இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா வெளியிடத் தகாது."

சத்தம் கேட்டுத் தர அதிகாரி புன்னகையோடு வந்துவிட்டார். என் தோளில் கை வைத்தார். "உங்க மனைவிதான் பிழைச்சுட்டாங்களே சார். இன்னும் எதுக்குக் கோபம்?"

அவர் கையை எடுத்து அவர் பக்கமே விட்டேன். கொத்தனாரிடம் சொன்னேன். "உக்காருங்க தம்பி. இவங்க வாயால அந்த நம்பரச் சொல்ற வரைக்கும் நாம எந்திரிக்கறதில்ல." ஜன்னலுக்கு நேர் கீழே, தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். பின்னால் குழாயோடு நின்றவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். சொன்னேன். சிறுநீர்க் குப்பியோடு வந்த ஒரு பெரியவர், "எனக்கு சர்க்கரை மட்டும்தான், இருந்தாலும் உக்கார்றேன்" என்று உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நடைபாதை முழுக்க ஆட்கள். தர அதிகாரி இதற்கு விதி தேடிக்கொண்டு அறைக்குள் போனார். பட்டியலில் இருக்காது போலிருக்கிறது, திரும்பி வரவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஜன்னல்காரர் எங்களைப் பார்த்தார், அறைக் கதவைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு குனிந்து, கண்ணாடியில் காசு வாங்குவதற்கு விட்டிருந்த ஓட்டை வழியாகச் சொன்னார்.

"மூணு புள்ளி ஒம்போது."

கொத்தனார் எழுந்து ஓடினார். நான் எழுந்திருக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த எண்ணைச் சொல்லி முடிக்க ஜன்னல்காரருக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.